வாய் திறக்காத புழு

ஜனவரி 6, செவ்வாய்

மீனவர் சங்கத்து டைரி வந்தது. வருஷா வருஷம் அண்ணன் பெயருக்குத்தான் வரும். அவன் அதில் ஒரு வரி எழுதியதில்லை. "இந்தா பிள்ளே, ஒனக்க புழு சமாச்சாரமெல்லாம் எழுது" என்று என் மடியில் எறிவான். இந்த வருஷம் அவன் மனைவி, என் மைனி, கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

"நீ எழுது. அவரு வந்து கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

ஆகையால் எழுதுகிறேன். பெயர் ஜெனோவா. ஊர் முட்டம். வேலை, பாறைக்கரையில் புழு பிடித்து அதற்குப் பெயர் சொல்வது. உடம்பின் இரண்டு பக்கமும் மயிர் மயிராக முள் வரிசை உள்ள கடற்புழுக்கள். கல்லூரியில் பாலிகீட்டா என்பார்கள். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், எரை. "படிச்சுப் படிச்சுக் கடைசியில தூண்டில் எரையைத்தானே படிக்கிய" என்று அண்ணன் கேலி செய்வான். கேலி செய்துவிட்டு, தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துக் கல் புரட்ட அவனே கூட வருவான்.

அண்ணன் ததேயு டிசம்பர்ப் புயலில் கடலுக்குள் இருந்தவன். இன்னும் வரவில்லை. மைனி டெல்பின், அவர்கள் மகள் அபிஷா, நான் என்று வீட்டில் மூன்று பேர்.

இன்று புழுப் பாட்டில்களுக்கு ஸ்பிரிட் வாங்கினேன். ரேஷனில் சீனி இல்லை.

ஜனவரி 8, வியாழன்

என் புழுக்களில் ஒன்று உலகத்துக்குப் புதிது. எழுதிவிட்டேன், இனி அடிக்கமாட்டேன்.

போன மாதம் பத்தொன்பதாம் தேதி லைட்ஹவுசுக்குக் கீழே ஒரு கல்லுக்கடியில் கிடைத்தது. கல்லைப் புரட்டினால் எப்போதும் ஓடுகிற பச்சைப் புழுவின் சாதிதான், பெரினெரீஸ். ஆனால் இதன் கண்கள் பெரியவை. நான்கும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. கால்கள் அகன்று இலை இலையாக இருக்கின்றன. உடம்பு பருமன். பச்சையே இல்லை, வெளிறிய சிவப்பு. என்னிடம் உள்ள எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒன்று இல்லை.

ஒரு குறை. வாய் மூடியிருக்கிறது. இந்தக் குடும்பத்துப் புழுக்கள் சட்டைக் கையைப் புரட்டுகிற மாதிரி தொண்டையை வெளியே புரட்டித் தள்ளும். அதில் கரும்புள்ளி புள்ளியாகப் பற்கள் இருக்கும். முறைப்படி, உயிரோடு இருக்கும்போதே மெந்தால் போட்டு மயக்கவேண்டும். மயங்கினால் தானாகவே தொண்டையைத் தள்ளிவிடும். பிறகுதான் பார்மலின். அன்று அப்படிச் செய்யவில்லை. கல்லின்மேல் குந்தியிருக்கும்போதே ஒரு போன் வந்தது. புழுவை அப்படியே பார்மலினில் போட்டுவிட்டு ஓடினேன். அது வாயை இறுக மூடிக்கொண்டு செத்தது.

போன் எதற்கு வந்தது என்பது வேறு கதை.

லேபிள் எழுதி பாட்டிலுக்குள் போட்டேன். எப்போதும் பென்சிலால்தான். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்து போகும். ஊர், தேதி, பெயர், கீழே பெயர் சொன்னவர் யார் என்பது. பெயர் சொன்னவர் தன் பெயரையும் போட்டாகவேண்டும், அது எங்கள் தொழிலின் மரியாதை. பெயர் இருக்கவேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.

ஜனவரி 9, வெள்ளி

கேரளத்து எண்ணிலிருந்து இரண்டு தடவை போன். எடுக்கவில்லை. கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும்.

ஜனவரி 12, திங்கள்

கமலபாய் மேடத்திடம் புழுவைக் காட்டினேன். என் ஆய்வுக்கு வழிகாட்டி அவர். ரொம்ப நேரம் மைக்ரோஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கண்ணு பெருசு, சரி. காலு அகலம், சரி. வாயைத் திறந்து பாத்தியா?"

"ஒண்ணே ஒண்ணுதான் மேடம் கிடைச்சிருக்கு. அறுத்தா கெட்டுப்போகும்."

"இது இனப்பெருக்கத்துக்கு மாறின புழுவா இருந்தா என்ன செய்வே?"

அது எனக்குத் தெரியாதா? கல்லுக்கடியில் கிடக்கும் இந்தப் புழுக்கள் காலம் வந்ததும் உருமாறும். கண் பெருக்கும், கால் துடுப்பாகும், நிறம் மாறும். பிறகு கல்லை விட்டுவிட்டு மேலே நீந்திப் போய், உடம்பில் உள்ள முட்டையையெல்லாம் கடலில் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். மாறியதையும் மாறாததையும் இரண்டு இனம் என்று நினைத்து இரண்டு பெயர் வைத்து ஏமாந்த பெரிய மனிதர்கள் உண்டு. ஆனால் மாறிய புழுவுக்குத் துடுப்பு வடிவ முள் இருக்கவேண்டும். என்னுடையதில் அது இல்லை. சொன்னேன்.

"பாதி மாறினதா இருக்கலாம்லா" என்றார் மேடம். "கேட்டியா ஜெனோவா, கண்ணு மாறும், காலு மாறும், நிறம் மாறும். பல்லு மாறாது. பல்லைப் பாக்காம பேரு வைக்காத."

பஸ்ஸில் வரும்போது முழுக்க எரிச்சல். சொல்லுகிறவருக்கு என்ன, அறுக்கப்போகிறவள் நான்தானே.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல் லீவு. மைனி அண்ணன் நம்பருக்கு ரீசார்ஜ் செய்யச் சொன்னாள். போன் அவனோடுதான் போயிற்று. ஆனால் பணம் போடாவிட்டால் நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம். "எங்கயாவது கரை ஏறி, அந்த நம்பரில இருந்து விளிச்சா?" என்றாள். செய்தேன்.

பக்கத்து வீட்டுக்காரி தேங்காய் கடன் கேட்க வந்தவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "வடக்க ஆஸ்பத்திரியில ஒரு பொணம் கெடக்காமே, போய்ப் பாத்தீளா?"

மைனி தேங்காயைக் கொடுத்துக்கொண்டே சொன்னாள். "ஜெனோவா பாத்திட்டா. அவரு இல்ல. கண்ணுக்குத் தெரியாத புழுவுக்கே அடையாளம் சொல்லுகியவ, சொந்த அண்ணனைத் தெரியாமப் போவாளா?"

சரி, அதையும் ஒருமுறை எழுதிவிடுகிறேன். பத்தொன்பதாம் தேதி வந்த போன் அதுதான். கேரளக் கரையில் ஒரு உடம்பு ஒதுங்கியிருக்கிறது, வந்து பாருங்கள் என்று. மறுநாளே போனோம். மைனியால் உள்ளே வர முடியவில்லை. தூங்குகிற அபிஷாவைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். "நீ போ. நீ சொன்னா நான் நம்புவேன்" என்றாள்.

போனேன். பார்த்தேன். அண்ணன் ஒல்லி, அது பருத்த உடம்பு. கால் அகலம். நிறமும் வேறு. முகத்தைப் பற்றி எழுதமாட்டேன். அங்கே வேலை செய்கிற நரைமீசைக்காரர், "பல்லு நோக்கண்டே?" என்று கேட்டார். பல்லைப் பார்க்கவேண்டாமா என்று மலையாளத்தில் கேட்கிறார். வேண்டாம் என்றேன். உடம்பே வேறு எனும்போது பல் எதற்கு? எங்கள் ஆள் இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து தலையை ஆட்டினேன். மைனி அந்த மண்ணிலேயே முழங்காலில் விழுந்து மாதாவுக்கு நன்றி சொன்னாள். அபிஷா விழித்துக்கொண்டு சிரித்தாள்.

அவ்வளவுதான் நடந்தது. பாயசத்துக்குச் சீனி பற்றவில்லை, வெல்லம் போட்டோம்.

ஜனவரி 18, ஞாயிறு

பூசை முடிந்து சேசடிமை அண்ணனைப் பார்க்கப் போனோம். அண்ணனோடு வள்ளத்தில் இருந்தவர் இவர் ஒருவர்தான். காலில் இன்னும் மாவுக்கட்டு. மைனி அவர் மனைவியோடு அடுக்களைக்குப் போனதும், நான் கேட்காமலே ஆரம்பித்தார்.

"வள்ளம் கவுந்ததும் எனக்க காலில தங்கூசி சுத்திப்போச்சு பிள்ளே. வள்ளம் ஒரு பக்கம் இழுக்கு, நான் ஒரு பக்கம் தாழுதேன். கத்தி தண்ணியில போச்சு. ஒனக்க அண்ணன் முங்கி வந்து பல்லால கடிச்சு அறுத்தான். அந்த வெட்டுப் பல்லு உண்டுல்லா, அதில போட்டு."

தங்கூசி என்பது தூண்டில் நைலான். சின்ன வயதிலிருந்தே அதைக் கடித்து அறுத்து அறுத்து அண்ணனின் மேல் முன்பல்லில் ஒரு வெட்டு விழுந்திருந்தது. சிரித்தால் முதலில் அதுதான் தெரியும். "கத்தி வாங்கக் காசில்லாத வீட்டு மாப்பிள்ளை" என்று மைனி வீட்டில் கிண்டல் செய்வார்கள்.

"அடுத்த அலைக்கு நான் வள்ளத்தப் பிடிச்சுக் கெடக்கேன். அவனைக் காணல" என்றார். கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி வைத்தார். பிறகு, "வடக்க பாக்கப் போனீளே, பல்லு பாத்தியா?" என்று கேட்டார்.

பார்த்தேன் என்றேன்.

வரும் வழியில் முட்டை வாங்கினோம்.

ஜனவரி 19, திங்கள்

பாட்டில் மூடிகளுக்கெல்லாம் வாசலின் தடவினேன். கேரளத்து எண். எடுக்கவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

பெயர் முடிவு செய்துவிட்டேன். புழுவுக்கு அண்ணன் பெயர். பெரினெரீஸ் ததேயி. இந்தத் துறை இருக்கும்வரை உலகத்தில் எந்த மூலையில் எவன் இந்தப் புழுவைப் பிடித்தாலும் என் அண்ணன் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பாட்டிலைத் திறந்து லேபிளில் காலி இடத்தை நிரப்பினேன். எழுதி முடித்ததும் நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது.

மைனியிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள். "எரைக்கு அவரு பேரா? வந்ததும் ஒன்னையப் போட்டுத் தாளிச்சிருவாரு." பிறகு பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஆனா செத்தவங்க பேரைத்தானே இப்பிடி வைப்பாங்க?" என்றாள்.

உயிரோடு இருப்பவர்கள் பெயரையும் வைக்கலாம் மைனி, தாராளமாக வைக்கலாம் என்றேன். அது உண்மைதான். விதியில் இடம் இருக்கிறது.

ஜனவரி 28, புதன்

கேரளத்துப் போனை எடுத்துவிட்டேன். கல்லூரிப் பஸ்ஸில் இருந்தேன், கவனமில்லாமல் கை எடுத்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் குமாஸ்தா. அரைகுறைத் தமிழ், ஆனால் மரியாதையான மனிதர். அந்த உடம்பைக் கேட்டு யாரும் வரவில்லையாம். குளிர்ப்பெட்டியில் இனிமேல் இடமில்லையாம். வரும் வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, ஆறாம் தேதி, அவர்களே பொதுச் சுடுகாட்டில் காரியத்தை முடித்துவிடுவார்களாம். "நிங்கள்டே ஊரில் வேற யாரெங்கிலும் காணாமப் போயிட்டுண்டோ?" என்றார்.

இல்லை, நாங்கள்தான் வந்து பார்த்துவிட்டோமே என்றேன்.

"ஒரு தடவகூடி வந்து நோக்கினால் நல்லது" என்றார். சத்தம் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகவே கேட்டது.

ஜனவரி 30, வெள்ளி

சோறு இறங்கவில்லை. ஊசியால் ஒரு புழுவின் காலை எடுக்கப்போய் மூன்று காலைப் பிய்த்துவிட்டேன்.

அபிஷா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று, "அத்தே, புழுவுக்குப் பல்லு உண்டா?" என்றாள். போ அந்தப் பக்கம் என்று கத்திவிட்டேன். அந்தப் பிள்ளை அழவில்லை, திருதிருவென்று விழித்தது. மைனி வந்து தூக்கிக்கொண்டு போனாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

பிப்ரவரி 2, திங்கள்

மேடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "இன்னைக்கு எனக்கு முன்னால திற. இல்லேன்னா உன் ஆய்வேட்டில இந்தப் புழு வராது."

திறந்தேன். கண்ணாடித் தட்டில் மல்லாக்க வைத்து, தொண்டைக்குக் கீழே சின்னக் கத்தரியால் ஒரே கீறல். இரண்டு பக்கமும் ஊசி குத்தி விரித்தேன். கறுப்புத் தாடைகள் இரண்டு. பின்னால் புள்ளிப் பற்கள், அதே கூட்டம், அதே வரிசை. மேல்பக்கம் இடது வலதாக ஒவ்வொரு குறுக்குப் பட்டை. பக்கத்துத் தட்டில் சாதாரணப் பச்சைப் புழு ஒன்றைத் திறந்து வைத்தேன். இதிலிருந்து கண்ணை எடுத்து அதில் வைத்தேன், அதிலிருந்து எடுத்து இதில் வைத்தேன். எத்தனை தடவை பார்த்தாலும் இரண்டும் ஒன்றுதான்.

புதுசு கிடையாது. எல்லாக் கல்லுக்கடியிலும் இருக்கிற அதே புழு. கடலுக்குள் போகப் புறப்பட்டது, போகும் வழியில் அடையாளம் தெரியாமல் மாறியிருக்கிறது.

"ஆனைக்கும் அடி சறுக்கும், விடு" என்றார் மேடம். நான் அழுவதைப் பார்த்துப் பயந்துவிட்டார். "ஒரு புழுவுக்காக எவளாவது இப்படி அழுவாளா?"

எனக்குப் பயமாக இருக்கிறது. இத்தனை நாள் எழுதாததை இப்போது எழுதுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றை மைனிக்கும் ஊட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஆறாம் தேதி.

பிப்ரவரி 3, செவ்வாய்

மைனி முற்றத்துக் குழாயடியில் சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள். எதிரில் போய்க் குந்தினேன்.

"மைனி, அன்னைக்கு நான் பல்லு பாக்கல."

அவள் கையில் இருந்த சாளையை உரசி முடித்துச் சட்டியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

"சேசடிமை கிட்ட பாத்தேன்னு சொன்னியாமே."

"பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"பாத்தா அது அண்ணனா ஆயிருமோன்னு."

என்னைக் கன்னத்தில் அறைவாள் என்று எதிர்பார்த்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள், செதில் போகப் போகக் கழுவினாள்.

"நீ வெளிய வந்து தலைய ஆட்டினல்லா. எனக்க மூஞ்சியப் பாக்காம, பிள்ளைக்க மூஞ்சியப் பாத்து ஆட்டின. அப்பளே எனக்கு வயித்துல தீப் பிடிச்சு. நானும் கேக்கல பிள்ளே. கேட்டா நீ சொல்லிருவல்லா."

இரண்டு பேரும் குழாயடியில் உட்கார்ந்து அழுதோம். பூனை சாளையைத் தின்றது, விரட்டவில்லை.

பிறகு மைனி முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "வடக்க பஸ்ஸு எப்ப?"

பிப்ரவரி 5, வியாழன்

நேற்று போய்விட்டு வந்தோம். சேசடிமை அண்ணனும் மாவுக்கட்டுக் காலோடு கூட வந்தார், அதனால் பஸ்ஸை விட்டுக் கார் பிடித்தோம். அபிஷாவை அவர் மனைவியிடம் விட்டோம். பங்குத்தந்தை கடிதம் கொடுத்தார். மைனி கல்யாண ஆல்பத்திலிருந்து அண்ணன் சிரிக்கிற படத்தை உருவி எடுத்துக்கொண்டாள்.

நரைமீசைக்காரருக்கு என்னை நினைவிருந்தது. கையுறை மாட்டினார். இந்தத் தடவை மைனியும் உள்ளே வந்தாள். என் முழங்கையைப் பிடித்திருந்தாள், இன்னும் அந்த இடம் வலிக்கிறது.

"பல்லு பாக்கணும்" என்றேன்.

திறந்தார். நான் பார்த்தேன். கண்ணை மூடவில்லை, திருப்பவும் இல்லை. எத்தனை புழுவைத் திறந்து பார்த்திருக்கிறேன், அப்படியே பார்த்தேன்.

மேல் முன்பல்லில் வெட்டு.

மைனி தன் பர்ஸிலிருந்து ஒரு சாண் தங்கூசி எடுத்தாள். அண்ணனுடைய தூண்டில் பெட்டியிலிருந்து அறுத்துக் கொண்டுவந்திருக்கிறாள், எனக்குக் கூடச் சொல்லவில்லை. அந்தப் பெரியவரிடம் நீட்டினாள். அவர் புரிந்துகொண்டார். இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து அந்த வெட்டில் வைத்தார். நைலான் அதில் போய் அப்படியே உட்கார்ந்தது.

"அவருதான்" என்றாள் மைனி. சத்தம் போட்டு அழவில்லை. "ரொம்பக் குளுந்து போச்சே" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே சேசடிமை அண்ணன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். போலீஸ் இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்தார், சேசடிமை அண்ணன் சொன்னதை எழுதிக்கொண்டார். ஒப்பிட்டுப் பார்க்க என் ரத்தமும் எடுத்தார்கள், முடிவு பிறகு வருமாம். உடம்பைக் கொண்டுபோகலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

வண்டியில் ஏற்றுமுன் காலில் கட்டியிருந்த அட்டையைப் பார்த்தேன். குளிர்ப்பெட்டியின் ஈரத்தில் பேனா மை கரைந்து ஓடியிருந்தது. ஆண் என்பது மட்டும் பாதி தெரிந்தது. என் பையில் எப்போதும் பென்சில் இருக்கும். அட்டையைத் திருப்பி, முட்டுக்குத்தி உட்கார்ந்து, மறுபக்கத்தில் எழுதினேன். ஊர், முட்டம். பெயர், ததேயு. கீழே ஒரு வரி விட்டு, பெயர் சொன்னவர், ஜெனோவா, தங்கை.

பிப்ரவரி 7, சனி

நேற்று வெள்ளிக்கிழமை நம்முடைய கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தோம். ஊர் முழுக்க வந்தது. யாரும் கடலுக்குப் போகவில்லை.

இன்று காலை பாட்டிலைத் திறந்து பழைய லேபிளை எடுத்தேன். ததேயி என்பதை ரப்பரால் அழித்துவிட்டு, எல்லோரும் அறிந்த பழைய பெயரையே எழுதி உள்ளே போட்டேன்.

மத்தியானம் மைனியின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. அண்ணன் நம்பருக்குக் கெடு முடிகிறது, ரீசார்ஜ் செய்யுங்கள் என்று. செய்யட்டுமா என்று கேட்டேன். மைனி அபிஷாவுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சிக்கெடுத்து, எண்ணெய் தடவி, பின்னி, ரிப்பன் கட்டி முடித்தாள்.

"வேண்டாம் பிள்ளே. அவருதான் வந்தாச்சே" என்றாள்.